51 வயது பைப் பிட்டருக்கு இனி வேலை கிடைக்குமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 51 வயது. 27 வருடமாக மணலி, எண்ணூர் பக்கம் கான்ட்ராக்டில் பைப் பிட்டர், வெல்டர் வேலை. ஒரு வருடமாக மாதத்தில் எட்டு, பத்து நாள் வேலை கிடைத்தாலே பெரிது. கேட்டால் வயசாகிவிட்டது, சர்டிபிகேட் இல்லை என்கிறார்கள். வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பிவிடலாமா? வெளிநாடு முயற்சி செய்யலாமா? வீட்டில் இருக்கும் வெல்டிங் மெஷினை விற்றுக் கடனை அடைக்கலாமா?"

தம்பி, நானும் அந்த வேலையில் இருந்து வந்தவன்தான். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன பேப்ரிகேஷன் ஷாப்பில் கிரைண்டர் பிடித்து ஆரம்பித்தேன். பிட்டர், ஃபோர்மேன் என்று போய், சைட் சூப்பர்வைசராக முடித்தேன். இப்போது எங்கள் பகுதி ஆட்களுக்கு பி.எஃப்., நலவாரியம் போன்ற பேப்பர் வேலைகளில் உதவுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அப்பாவின் கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கைக்குச் சாட்சி சொன்ன ஆட்கள்தான் இப்போது இல்லை. இதைப் புரிந்துகொண்டால் அடுத்து என்ன செய்வது என்பது தானாக விளங்கும்.

நம் பக்கம் வேலை எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது, அதுதான் பிறகு அசோக் லேலண்ட். 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு. அறுபதுகளின் நடுவில் தொடங்கி மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. இவற்றைச் சுற்றி காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி எல்லாம் லேத்துப் பட்டறைகளும் பேப்ரிகேஷன் ஷாப்களும் முளைத்தன. அங்கே யாரும் யாரிடமும் சர்டிபிகேட் கேட்டதில்லை. "கொருக்குப்பேட்டை ஆள், ரூட் ரன் போட்டால் எக்ஸ்ரேயில் ஒன்றும் வராது" என்று ஒரு ஃபோர்மேன் இன்னொரு ஃபோர்மேனிடம் சொன்னால் போதும், மறுநாள் காலை கேட்டில் நிற்கலாம். ரூட் ரன் என்பது ஜாயின்டின் அடியில் முதலில் ஓட்டும் வெல்டு, அதில் குறை இருந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். அந்த ஃபோர்மேன்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆகிவிட்டார்கள். புதிய தொழிற்சாலைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டன. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதோடு அங்கே வருடா வருடம் நடந்த ஓவர்ஹால் வேலையும் போனது. 2016 நோட்டு விவகாரம், 2017 ஜி.எஸ்.டி., 2020 ஊரடங்கு என்று அடி மேல் அடி விழுந்ததில், நான்கு பேர் ஐந்து பேரை வைத்து நடத்திய சின்னப் பட்டறைகள் பல ஷட்டரை இறக்கியவை திரும்ப ஏற்றவே இல்லை. அங்கிருந்த ஆட்களும் இப்போது அப்பா நிற்கும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது ஆள் எடுப்பது மேன்பவர் ஏஜென்சி. அங்கே போனை எடுக்கும் பிள்ளைக்கு ரூட் ரன் என்றால் என்ன, மேலே கடைசியாக ஓட்டும் கேப்பிங் என்றால் என்ன என்று தெரியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருப்பது வயது, படிப்பு, சர்டிபிகேட் என்று மூன்று கட்டம். அப்பாவின் 27 வருடத்தை எழுத அதில் இடமே இல்லை. நாம்தான் அந்த 27 வருடத்தைக் காகிதத்தில் இறக்கிக் கொடுக்க வேண்டும்.

போன வருடம் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கேட் பாஸ்கள், 19 இருந்தன. சிலதில் போட்டோ மங்கிப்போய் மீசை மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாகத் தேதிப்படி தரையில் அடுக்கினோம். எந்த பிளான்ட், எந்த கான்ட்ராக்டர், எத்தனை மாதம், என்ன சைஸ் பைப், கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, ஆர்க் வெல்டிங்கா ஆர்கான் வெல்டிங்கா என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இந்த ஷட்டவுனில் 6 இஞ்ச் லைனில் மட்டும் 40 ஜாயின்ட் போட்டேன்" என்றார். ஷட்டவுன் என்றால் ரிப்பேருக்காக ஆலையை நிறுத்தும் நாட்கள். நம் தொழிலில் இதற்கு இஞ்ச்-டயா என்று கணக்கு இருக்கிறது, பைப் சைஸை ஜாயின்ட் எண்ணிக்கையால் பெருக்குவது, அப்பாவுக்குத் தெரியும். 6 இஞ்ச் பைப்பில் 40 ஜாயின்ட் என்றால் 240 இஞ்ச்-டயா. அந்த மொழியில் இரண்டு பக்கம் எழுதி, டைப் செய்து, கூடவே நான்கு கேட் பாஸின் நகலை வைத்தோம். ஏஜென்சிப் பிள்ளைக்கு அது புரிந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அந்தத் தாள் சைட் இன்ஜினியர் மேசைக்குப் போனது. அவருக்குப் புரிந்தது. டெஸ்ட் பீஸ் போட, அதாவது ஒரு ஜாயின்ட் வெல்டு செய்து காட்ட, கூப்பிட்டார்கள்.

இதை அப்பாவுக்குச் செய்து கொடுங்கள். இனி போகும் ஒவ்வொரு சைட்டிலும் அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேதி, லைன், சைஸ், எத்தனை ஜாயின்ட், எக்ஸ்ரேயில் எத்தனை பாஸ் ஆனது, எத்தனை ரிப்பேர் வந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது கூச்சப்படாமல் சைட் இன்ஜினியரிடம் ஒரு கடிதம் கேட்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் கணக்கு முடித்துக் கூலி கேட்கவே தயங்குவார்கள், கடிதம் கேட்க இன்னும் தயங்குவார்கள்.

அடுத்து சர்டிபிகேட். ஐ.டி.ஐ.யில் படிக்காமலேயே, தொழில் அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. வடசென்னை அரசு ஐ.டி.ஐ.யில் போய் அறிவிப்பு எப்போது வரும் என்று விசாரியுங்கள். முன் அனுபவத்தை அங்கீகரித்துக் கொடுக்கும் ஆர்.பி.எல். சான்றிதழும் இருக்கிறது. அது குறுகிய காலத்தில் முடிந்துவிடும், ஆனால் பெரிய பிளான்ட்களில் அதற்கு அவ்வளவு மதிப்பு இருப்பதை நான் பார்க்கவில்லை. அப்பாவின் வேலைக்கு உண்மையில் எடை உள்ளது ஐ.பி.ஆர்., அதாவது இந்தியக் கொதிகலன் விதிகளின்படியான வெல்டர் சான்றிதழ்தான். கொதிகலன் இயக்ககம் தேர்வு வைத்துக் கொடுப்பது, இரண்டு வருடத்துக்குச் செல்லும். பைப்பை 45 டிகிரி சாய்த்து வைத்து, அதை அசைக்காமல் சுற்றிலும் வெல்டு செய்யும் 6ஜி டெஸ்ட் அப்பாவுக்குப் புதிதாக இருக்காது. தெரிந்த ஷாப் ஒன்றில் பத்து நாள் பழகிவிட்டுப் போனால் போதும். உங்கள் உறவில் ஒயரிங் வேலை செய்கிறவர்கள் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்: மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வுக்கு 5 வருட ஒயரிங் அனுபவம் கேட்கிறார்கள், 21 வயது முடிந்திருக்க வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது.

சரி, "வயசாகிவிட்டது" என்று சொல்கிறார்களே, அதற்கு வருவோம். பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பது மெடிக்கல். பிளான்ட்டுக்குள் விட கேட் பாஸ் போடும் முன் பி.பி., சுகர், கண் எல்லாம் பார்ப்பார்கள். உயரத்தில் ஏறும் வேலை என்றால் இன்னும் கறாராக இருப்பார்கள். ராத்திரி தூங்காமல், காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுப் பதற்றத்தோடு போய் நின்றால் பி.பி. ஏறத்தான் செய்யும். ஒரு தடவை அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் அந்த ஏஜென்சி மறுபடி கூப்பிடாது. அதனால் இப்போதே பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள். சுகரோ பி.பி.யோ இருந்தால் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கட்டுப்பாட்டில் இருக்கும் பி.பி.யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கண் விஷயத்தை ரொம்ப முக்கியமாகச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு வெல்டர், எங்கள் ஷாப்பிலேயே நல்ல கை. 46, 47 வயதில் அவர் ஜாயின்ட்கள் வரிசையாக எக்ஸ்ரேயில் தோற்க ஆரம்பித்தன. ஓரத்தில் பள்ளம் விழும் அண்டர்கட், ரூட்டில் ஃபியூஷன் இல்லை, அதாவது அடியில் உலோகம் உருகிச் சேரவில்லை. கை நடுங்குகிறது, குடிக்கிறார் என்றெல்லாம் பேசினார்கள். அவரும் மனது விட்டுப்போய் நின்றுவிடுகிற நிலை. ஒரு நாள் அவர் செல்போனை ஒரு கை தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான் விஷயம், கிட்டப் பார்வை குறைந்திருந்தது. உருகிய உலோகம் நிற்கும் வெல்டிங் குட்டையை அவரால் பார்க்கவே முடியவில்லை, பழக்கத்தில் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் பவர் லென்ஸ் ஒன்று வாங்கிப் போட்டோம். பெரிய விலை கிடையாது. அடுத்த வாரமே பழைய கை திரும்பி வந்தது. அப்பா 51, நிச்சயம் இதைப் பாருங்கள்.

அப்புறம், வேலையை எங்கே தேடுவது. புது பிளான்ட் கட்டும் வேலையை மட்டுமே எதிர்பார்த்து உட்காராதீர்கள். காலம் மந்தமாக இருக்கும்போது முதலாளி புதிதாக எதுவும் கட்டமாட்டான், ஆனால் இருப்பதை ஓட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே ரிப்பேர், மெயின்டனன்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். நம் பகுதியில் அதற்குக் குறைவில்லை. மணலி, மாதவரம், திருவொற்றியூர் பொன்னேரி சாலைப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் வரிசையாக இருக்கின்றன. அடிபட்ட கன்டெய்னரை வெட்டி ஒட்டுவது தினசரி வேலை. டிரெய்லர் சேசிஸ் விரிசல் விட்டால் ஒழுங்காக வெல்டு வைக்கும் ஆளை டிரைவர்களே தேடிக்கொண்டு வருவார்கள். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மீனவருக்கு அது வருமானம் இல்லாத காலம், ரிப்பேர் ஆளுக்கோ சீசன். விசைப்படகுகளைக் கரையேற்றி இன்ஜின், ஷாஃப்ட், இரும்புத் தகடு எல்லாம் பார்ப்பார்கள். மார்ச் மாதமே போய் இரண்டு மூன்று படகு ஓனர்களிடம் பேசி வைக்க வேண்டும், தடை தொடங்கிய பிறகு போனால் ஆள் பிடித்திருப்பார்கள். மரப்படகு கட்டிய ஓடாவிகளில் ஃபைபர் வேலையைப் பழகிக்கொண்டவர்கள் இன்றும் அங்கே பிழைக்கிறார்கள், அவர்களிடம் பேசிப் பாருங்கள். துறைமுகத்தைச் சுற்றி ஐஸ் ஃபேக்டரிகளும் உண்டு, பைப் லைன் வேலை வரும். ஆனால் அமோனியா லைன் என்றால் முழுதாகக் காலி செய்து, சுத்தம் செய்து, பொறுப்பான ஆள் ஓகே சொன்ன பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும், எவ்வளவு கூலி சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பெரிய ஆலைகளின் ஷட்டவுன் வேலை திடீரென்று வருவது கிடையாது. மாதக்கணக்கில் முன்பே திட்டமிடுவார்கள், கான்ட்ராக்டர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பு ஆள் திரட்டுவார்கள். அப்பாவோடு முன்பு வேலை செய்து இப்போது உள்ளே நிரந்தரமாக இருப்பவர்கள் யாராவது இருந்தால், எந்த யூனிட் எப்போது நிற்கிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

கூலி பற்றி ஒரு வார்த்தை. வடமாநிலப் பையன்கள் குறைந்த கூலிக்கு வருவதால்தான் நமக்கு வேலை இல்லை என்று நம் தெருவில் பேச்சு இருக்கிறது. நான் அவர்களை வைத்து வேலை வாங்கியவன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்து, 12 மணி நேரம் உழைக்கிறார்கள். அந்த நிலைமையைத்தான் கான்ட்ராக்டர் மலிவாக வாங்குகிறார். அந்தப் பிள்ளைகள் மேல் கோபப்பட்டு ஆவது ஒன்றுமில்லை. அவர்களோடு நாள் கூலியில் போட்டி போடவும் வேண்டாம். அப்பா நாள் கூலியைக் குறைத்தால் மறுபடி ஏற்ற முடியாது. அதற்குப் பதில் ஜாயின்ட் கணக்கிலோ மொத்த வேலையாகவோ பேசச் சொல்லுங்கள். அனுபவசாலி, வெல்டுக்கு முன் பைப்பைப் பொருத்தி நிறுத்தும் ஃபிட்-அப்பை ஒரே தடவையில் சரியாக நிறுத்துவார், புது ஆள் மூன்று தடவை வெட்டி ஒட்டுவார். நாள் கூலியில் அந்த வித்தியாசம் முதலாளிக்குப் போகிறது, ஜாயின்ட் கணக்கில் அது அப்பாவுக்கு வரும்.

இனி, ஏற்கெனவே அப்பாவுக்குச் சேர வேண்டிய பணம். இதைத்தான் முதல் வேலையாகச் செய்யுங்கள் என்பேன். 27 வருட கான்ட்ராக்ட் வேலை என்றால் பல கான்ட்ராக்டர்கள் பெயரில் பி.எஃப். பிடித்திருப்பார்கள். பல உறுப்பினர் எண்கள் இருக்கும், யு.ஏ.என். என்னும் பொது பி.எஃப். எண் கூட ஒன்றுக்கு மேல் இருக்கலாம். எல்லாவற்றையும் தேடி ஒன்றாகச் சேருங்கள். ஏன் என்றால், மொத்த சேவை 10 வருடம் வந்தால் 58 வயதில் மாத பென்ஷன் உண்டு. ஒன்பதரை வருடத்தையும் 10 என்றே எடுத்துக்கொள்வார்கள். 15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் 10 வருடத்துக்கு மாதம் சுமார் 2,140 ரூபாய் வரும், சேவை கூடக் கூட அதுவும் கூடும். 50க்கு மேல் முன்கூட்டியும் வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் போய்விடும், அவசரப்படாதீர்கள்.

நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவது. எடுத்தால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். நானே முதல் ஆறு வருடத்தை அப்படித்தான் இழந்தேன், எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொரு கான்ட்ராக்டர் என் கூலியில் மாதா மாதம் பிடித்த தொகையைக் கட்டவே இல்லை, எனக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது பாஸ்புக்கைப் போனிலேயே பார்க்கலாம், மாதம் ஒரு தடவை பாருங்கள். கட்டவில்லை என்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கூலியே பாக்கி என்றால், கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் தர வேண்டும் என்ற விதி 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வேலை செய்ததற்குச் சாட்சி வேண்டும், அதற்கும் அந்த நோட்டும் கேட் பாஸும்தான் கைகொடுக்கும்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் அப்பா பதிவு செய்திருக்கிறாரா? 1994இல் தமிழ்நாட்டில் அமைத்தது. கட்டுமான வேலை செய்யும் வெல்டர், பிளம்பர், பெயிண்டர் எல்லாரும் சேரலாம். 60 வயதுக்குள் சேர வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் உடனே பாருங்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம் இரண்டும் அதில் உண்டு.

கடன் என்று சொன்னீர்கள். தண்டல் என்றால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். 10,000 என்று எழுதி கையில் 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குவதுதான் நம் தெருக்களில் வழக்கம். பார்க்க 1,500தான் வட்டி மாதிரி தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், வருடக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். வீட்டில் குண்டுமணித் தங்கம் இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்து இதை முடித்துவிடுவது நல்லது.

வெளிநாடு போகலாம், கதவு மூடவில்லை. ஆனால் 50 வயது தாண்டியவர்களுக்குக் வேலைக்காக வெளிநாடு போக அரசிடம் வாங்கும் குடியேற்ற அனுமதி தேவையில்லை என்ற விதி இருக்கிறது. சௌகரியம் மாதிரி தெரியும் இது, ஏமாற்றுகிற ஏஜென்டுக்கும் சௌகரியம். யாரும் ஒப்பந்தத்தைப் பார்க்காமலேயே விசிட் விசாவில் ஏற்றிவிடுவார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யுங்கள். அங்கேயும் டெஸ்ட் பீஸ் கேட்பார்கள், அனுபவத் தாள் கேட்பார்கள்.

வாட்ச்மேன் வேலையை நான் கேவலமாகச் சொல்லவில்லை. 1996இல் பெரம்பூர் பின்னி மில் மூடியபோது, தறியில் கை தேர்ந்த எத்தனையோ பேர் சீருடை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்களுக்குத் திரும்பிப் போக மில் இல்லை. அப்பாவின் தொழில் இன்னும் இருக்கிறது. 12 மணி நேர ஷிப்டில் போய் உட்கார்ந்தால், ஷட்டவுனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போன் வரும் நாளில் கிளம்ப முடியாது. ஆறு மாதம் டார்ச்சைத் தொடாமல் இருந்தால் டெஸ்ட் பீஸில் கை தடுமாறும். வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம் என்றால் ராத்திரி ஷிப்ட் மட்டும், மூன்று மாதம் என்று கணக்கு வைத்துப் போகட்டும்.

மெஷினை விற்காதீர்கள். பழைய மெஷினுக்கு எடைக்குப் போடும் விலைதான் கிடைக்கும், திரும்ப வாங்கப் பல மடங்கு ஆகும். கேட், கிரில் செய்யும் பட்டறைகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம். கொடுக்கும்போது கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், திரும்பி வரும்போது கேபிள்தான் குறைந்து வரும்.